டிக்கெட் எடுத்தும் வாசலோடு திரும்பிய ரசிகர்கள்: பாட்டு கேட்க இவ்வளவு பாடா?

சென்னை:
சென்னையை அடுத்த பனையூரில் 2023 செப்டம்பர் 10-ந்தேதி நடந்த ஏ.ஆர்.ரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சியை ரசிகர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். ஆகஸ்டு 12-ந்தேதி நடக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போன கச்சேரி அது. டிக்கெட் எடுத்த பலர் நெரிசலில் உள்ளே நுழைய முடியாமல் திரும்பினர். கிழக்கு கடற்கரை சாலையே ஸ்தம்பித்தது.

ஒரு காலத்தில் புதுப்பட கேசட்டுக்கு காசு சேர்த்தவன்தான் ரசிகன். பிடித்த பாட்டுகளை சீட்டில் எழுதிக் கொடுத்து கடையில் பதிவு செய்வான். ரிச்சி தெருவில் ஸ்பீக்கர், ஆம்ப்ளிபயர் தேடி அலைவான். டேப் சிக்கினால் பென்சிலை விட்டு சுத்துவான். இப்போது செல்போனில் பாட்டு சும்மாவே கிடைக்குது. நேரில் கேட்கணும்னாதான் ஆயிரக்கணக்கில் செலவு. குடும்பத்தோடு போனால் பல நாள் கூலி காலி.

இவ்வளவு கொடுத்தவனுக்கு உட்கார இடமும், குடிக்க தண்ணீரும், பத்திரமாக வெளியேற வழியும் செய்து தருவது ஏற்பாட்டாளர் பொறுப்பு.

பனையூர் குளறுபடிக்கு மறுநாள், டிக்கெட் நகலை அனுப்பும்படி ரகுமானே கேட்டுக்கொண்டார். நகல் இருந்தவர்களுக்கு ஒரு பிடி கிடைத்தது. டிக்கெட்டும் ஒரு ரசீதுதான். கச்சேரி முடியும் வரை கிழித்துப் போடாதீர்கள். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போட்டு புகார் சொல்லலாம்.