விஞ்ஞானமும் பெண்களும்: கதவைச் சாத்தியவர் யார்?

சமீப காலமாய் நமது பத்திரிகைக்காரர்களுக்குப் பெண்கள் மீது திடீரென்று அளவு கடந்த அன்பு பிறந்திருக்கின்றது. ஒரு பெண் ராக்கெட் வேலைக்குத் தலைமை வகித்தால் உடனே அவர் படத்தைப் போட்டு, "பெண் சக்தி" என்றும் "பாரத மாதாவின் புதல்வி" என்றும் புகழ ஆரம்பித்துவிடுகிறார்கள். கூடவே, அந்த அம்மாள் வீட்டிலே சமையலும் செய்வார், பூஜையும் செய்வார் என்று ஒரு வரி சேர்த்துக் கொள்ளவும் மறப்பதில்லை. ஓர் ஆண் விஞ்ஞானியைப் பற்றி எழுதும்போது, அவர் தோசை வார்ப்பாரா என்று எந்தப் பத்திரிகையாவது விசாரித்ததுண்டா என்று கேட்கின்றோம்.

பெண்கள் முன்னேறியிருப்பதைக் கண்டு நாம் யாருக்கும் குறைவாகச் சந்தோஷப்படவில்லை. செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி, 2023-ல் சூரியனை ஆராயப் போன ஆதித்யா திட்டத்திற்கு இயக்குநராயிருந்தார். வேலூர் மருத்துவக் கல்லூரியில் பல ஆண்டுகள் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு நோயை ஆராய்ந்த ககன்தீப் காங், 2019-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் அங்கத்தினரான முதல் இந்தியப் பெண்மணியானார். திருநெல்வேலிச் சீமையிலே தமிழில் பள்ளிப்படிப்புப் படித்த கலைச்செல்வி, 2022-ல் இந்திய விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகத்திற்குத் தலைமை இயக்குநரானார். தமிழில் படித்தால் விஞ்ஞானம் வராது என்கிற பண்டிதர்கள் இதைக் கவனிப்பார்களாக.

நிற்க. அந்த ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது 1942-ல். ஒரு பெண் அதன் தலைமைக்கு வந்தது 2022-ல். இடையிலே எண்பது ஆண்டுகள்! பெண்களுக்கு மூளை 2022-ல்தான் முளைத்ததா? அல்லது அதுவரை கதவு சாத்தியிருந்ததா? சாத்தியிருந்தது என்றால் சாத்தியவர் யார்? பாராட்டுப் பாடுகின்ற எவரும் இந்தக் கேள்வியை மட்டும் கேட்பதில்லை.

பெருங்குடித் தோழர்கள் இதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்திலேயே கிண்டி எஞ்சினீயரிங் கல்லூரி இருக்கின்றது. 1940-ல் லலிதா என்ற பெண் அங்கே மின்சார எஞ்சினீயரிங் படிக்கச் சேர்ந்தார். பதினைந்து வயதிலே கலியாணம். பதினெட்டு வயதிலே கைக்குழந்தையோடு விதவை. வைதிகத்தின் கையில் விட்டிருந்தால் அவரை மூலையில் உட்கார வைத்து, "தலைவிதி" என்று சொல்லி முடித்திருப்பார்கள். அதே கல்லூரியில் பேராசிரியராயிருந்த அவர் தகப்பனார் விதியை நம்பாமல் மகளைப் படிக்க வைத்தார். படித்து முடித்ததும் கொடுத்த பட்டப் பத்திரத்திலே "அவன்" என்றுதான் அச்சடித்திருந்தது! அதை அடித்துவிட்டு "அவள்" என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள். எஞ்சினீயர் என்றாலே ஆண்தான் என்று அச்சுக் கோக்கும்போதே தீர்மானித்துவிட்ட தேசம் இது.

பெருங்குடியை அடுத்த பள்ளிக்கரணையில் காற்று மின்சாரத்திற்கென்று ஒரு தேசிய நிறுவனம் இருக்கின்றது. இந்நாட்டில் காற்றையும் வெயிலையும் ஊர் ஊராய் அளந்து கணக்கெடுத்த வேலையில் முன்நின்றவர் சென்னை பிரஸிடென்ஸி கல்லூரியில் படித்த அன்னா மணி. அவர் வைரங்களின் ஒளியைப் பற்றி ஆராய்ந்து 1945-ல் சென்னைச் சர்வகலாசாலைக்கு ஒரு நூல் கொடுத்தார். எம்.எஸ்ஸி. பட்டமில்லை என்று காரணம் காட்டி டாக்டர் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். கடைசிவரை கொடுக்கவேயில்லை.

இதையெல்லாம் படிப்பில்லாத மூடர்கள் செய்ததாக யாரும் எண்ண வேண்டாம். கமலா சோஹோனி 1933-ல் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் சேர விண்ணப்பித்தபோது, பெண் என்பதற்காகவே வேண்டாமென்றவர் நோபல் பரிசு பெற்ற சர். சி. வி. ராமன். அந்தப் பெண் விடாமல் வாதாடிய பிறகு, ஓராண்டு சோதனை என்ற நிபந்தனையின் பேரில் இடம் கொடுத்தார். அதே பெண் 1939-ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். ஒளியின் குணத்தைக் கண்டுபிடித்த மூளைக்கு, பெண்ணும் மனிதப் பிறவிதான் என்பது தெரியவில்லையென்றால், படிப்பு வேறு, பகுத்தறிவு வேறு என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும்?

"அதெல்லாம் பழங்கதை, இப்போது யார் தடுக்கிறார்கள்?" என்று சிலர் கேட்கலாம். சர்க்கார் கணக்கையே பார்ப்போம். 2021-22-ல் இந்தியக் கல்லூரிகளில் விஞ்ஞானம் படித்தவர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். ஆனால் ஆராய்ச்சி வேலையிலே இருப்பவர்களில் பெண்கள் நூற்றுக்கு இருபது பேர்கூட இல்லை. மற்றவர்கள் எங்கே போனார்கள்? ஆகாயத்திற்கா போனார்கள்? அடுப்பங்கரைக்குப் போனார்கள்! கலியாணம் என்று ஒன்று வந்தது. பிள்ளை என்று ஒன்று வந்தது. மாமியார் மாமனாருக்கு மருந்து கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. இவ்வளவும் புருஷனுக்கும் சொந்தமான காரியங்கள்தான். ஆனால் வேலையை விட்டது மட்டும் பெண்.

அன்றியும், கல்லூரியிலே உடற்கூறு படித்துவிட்டு வருகின்ற பெண்ணை, மாதத்தில் மூன்று நாள் "தீட்டு" என்று ஒதுக்கி வைக்கின்ற வீடுகள் இன்னும் இருக்கின்றனவா இல்லையா? காலையிலே விஞ்ஞானம், மாலையிலே மூலை என்றால் அந்தப் படிப்புக்கு வீட்டில் என்ன மரியாதை?

அரசு பள்ளியில் படித்த பெண்கள் உயர்கல்வி கற்க மாதம் 1000 ரூபாய் கொடுக்கின்ற திட்டம், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 2022 முதல் நடக்கின்றது. நல்ல காரியம். ஆனால் பணம் கல்லூரி வாசல் வரையில்தான் கொண்டுவிடும். அதற்கப்பால் வீட்டார் வழிவிட வேண்டும்.

ஆகவே தோழர்களே, பெண் விஞ்ஞானிக்கு மாலை போடுவதற்கு முன்னால் உங்கள் வீட்டுக் கதவைத் திறந்து விடுங்கள். மகளின் கலியாண நகைக்கென்று சேர்த்த பணத்தை அவள் மேற்படிப்புக்குக் கொடுங்கள். ஜாதகத்தைக் காட்டி அவள் படிப்பை நடுவில் நிறுத்தாதீர்கள். மனைவி ஆராய்ச்சிசாலைக்குப் போனால் நீங்கள் அகப்பையைப் பிடியுங்கள், கை தேய்ந்துவிடாது. ஆளெடுக்கின்ற கமிட்டிகளிலே பெண்களும் சரிபாதி உட்கார வேண்டுமென்று கேளுங்கள். வேலை செய்யுமிடத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இடம் வேண்டுமென்று, தாயைப்போலவே தகப்பனும் கேட்கட்டும்.

பெண்கள் எவருடைய தயவையும் கேட்கவில்லை. தங்களிடமிருந்து பறித்த பாத்தியத்தைத்தான் திருப்பிக் கேட்கிறார்கள். அதை மறுக்கின்றவன் எவ்வளவு படித்தவனானாலும், அவனுக்குச் சமத்துவம் பேச யோக்கியதை இல்லை என்றே சொல்லுவோம்.