நட்டு சின்னது... பழி பெருசு!

 

சுத்துக்கேணி தெரியுமா? சங்கராபரணி ஆத்துத் தண்ணியை வாய்க்கால் வழியா ஊசுட்டேரிக்கு அனுப்பி வைக்கிற ஊர். இந்தப் பக்கம் கரன்ட் போனா, பயிருக்குக் கை கொடுக்கிறது டீசல் இன்ஜின்தான். அதுவும் டீசல் ஒழுகி நின்னுட்டா, முதல் திட்டு யாருக்கு? கடைசியா ஃபில்டர் மாத்தின மெக்கானிக் பையனுக்கு! ''ஒழுங்கா டைட் பண்ணலை!''

வெயிட் பாஸ். ஒவ்வொரு ஜாயின்ட்டும் ஒவ்வொரு விதமா ஒழுகலை நிறுத்துது.

ஒண்ணு, டேப்பர் மரை. போகப் போக இறுகும். ஆனாலும் மரைக்கு மரை நடுவுல, ஸ்பிரிங் மாதிரி சுத்திச் சுத்தி ஒரு சந்து மிச்சமிருக்கும். டீசலுக்கு அதுவே ராஜபாட்டை. அதனால, டீசல் தாங்குற சீலன்ட் தடவணும். டெஃப்லான் டேப்னா, மரை ஏறுற திசையில சுத்துங்க. முனையில ஒரு மரையை வெறுமனே விடுங்க. இல்லைன்னா பிசிறு உள்ளே போய் இன்ஜெக்டரை அடைச்சிடும்.

ரெண்டு, பான்ஜோ போல்ட். இதுல மரை பிடிச்சுக்க மட்டும்தான். ஒழுகலை நிறுத்துறது ரெண்டு பக்கமும் இருக்கிற செப்பு வாஷர். ஒரு தடவை நசுங்கினா கெட்டிப்பட்டுடும். கழட்டினா புதுசு போடுங்க.

மூணு, இன்ஜெக்டருக்குப் போற பிரஷர் பைப். கூம்பு முனை அதோட இருக்கையில கச்சிதமா உட்காரணும். இங்கே மரையில டேப் சுத்துறது, பல்வலிக்கு முழங்கால்ல தைலம் தேய்க்கிற கதை! முக்கியமா, இன்ஜின் ஓடும்போது விரல் வெச்சு லீக் தேடாதீங்க. அந்த பிரஷர்ல டீசல் தோலைத் துளைச்சுட்டுப் போயிடும். அட்டைத் துண்டு காட்டிப் பாருங்க.

இப்போ ராக்கெட்டுக்கு வருவோம். 2006 மார்ச். ஸ்பேஸ் எக்ஸோட முதல் ராக்கெட் ஃபால்கன்-1, பசிபிக் தீவு ஒண்ணுல இருந்து கிளம்புச்சு. எரிபொருள் கசிஞ்சு தீப்பிடிச்சு, அரை நிமிஷத்துல இன்ஜின் அவுட். கடல்ல விழுந்துச்சு. முதல்ல சந்தேகம் விழுந்தது, முந்தின நாள் அந்த ஜாயின்ட்ல வேலை பார்த்த டெக்னீஷியன் மேல. விசாரணையில தெரிஞ்சது வேற. கடல் உப்புக் காத்து, எரிபொருள் குழாயோட அலுமினிய நட்டை அரிச்சு விரிசல் விட வெச்சிருக்கு! அப்புறம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நட்டு போட்டாங்க. சரி, அவர் மேல விழுந்த பழியை எந்த ஸ்பேனர் கழட்டும்?

பாண்டிச்சேரிக்கும் கடல் பக்கம்தானே மக்களே! டீசல் ஒழுகுதா? இன்ஜினை நிறுத்தி, ஆற விட்டு, டேங்க் வால்வை மூடுங்க. ஜாயின்ட்டைத் துணியால துடைங்க. திரும்ப வால்வைத் திறந்து, முதல் சொட்டு எங்கே வருதுன்னு பாருங்க. மரையா, வாஷரா, கூம்பா, நட்டுல விரிசலா? அதைக் கண்டுபிடிச்ச பிறகும் திட்டியே ஆகணும்னா, நட்டைத் திட்டுங்க. அதுக்கு ரோஷம் கிடையாது!