கைபேசிக் குறிப்பேடும் நமது உரிமையும்

கள ஊழியரின் சட்டைப்பையில் முன்பு ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் இருக்கும். கிணற்று நீர்மட்டம், பயிரில் கண்ட பூச்சி, மழை பெய்த தேதி யாவும் அதில் இடம்பெறும். உபாத்தியாயரின் பாடக் குறிப்பேடும் அத்தகையதே. இன்று இவ்விரண்டின் இடத்தையும் கைபேசிச் செயலிகள் பெற்றுள்ளன. வேண்டியதை நொடியில் தேடியெடுக்கும் வசதி பெரிதே. எனினும், நோட்டை விற்ற கடை மூடப்பட்டால் நோட்டு அழிவதில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

கூகுள் நிறுவனம் 2006-இல் தொடங்கிய ‘நோட்புக்’ சேவை 2012-இல் மூடப்பட்டது. எவர்நோட் செயலி கைமாறிய பின்னர், 2023 இறுதியில், கட்டணம் செலுத்தாதோர் 50 குறிப்புகளுக்கு மேல் புதிதாக எழுதவியலாத நிலை உண்டாயிற்று. பழையவற்றை வெளியே எடுக்கத் தடையில்லை என்பது ஓர் ஆறுதல்.

தமிழர்க்கு இத்தொல்லை புதிதன்று. 1990-களில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீட்டு முறை வேறுபட்டது. அன்று தட்டெழுதிய பாடங்கள், உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற இலத்தீன் எழுத்துக் குவியலாகத் தோன்றும். தமிழக அரசு 1999-இல் டாம், டாப் என்னும் முறைகளை வகுத்தது. 2010-இல் யூனிகோடை ஏற்றது. காலத்தில் மாற்றப்படாத கோப்புகள், எழுதியவர்க்கே இன்று அந்நியமாகிவிட்டன.

தில்லி லோதி ரோட்டில் அமைந்துள்ள மின்னணு அமைச்சகம் இதனை அறியாததன்று. அரசின் மின்னாளுகையில் திறந்த தரங்களையே கைக்கொள்ள வேண்டுமென்னும் கொள்கை 2010 நவம்பரில் வெளியாயிற்று. அலுவலகக் கோப்புக்குக் கிடைத்த அப்பாதுகாப்பு ஊழியரின் சொந்தக் குறிப்புக்கு இல்லை. 2019-இல் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா, ஒருவர் தாம் அளித்த சொந்தத் தரவை இயந்திரம் படிக்கத்தக்க வடிவில் பெற்று வேறிடம் கொண்டுசெல்லும் உரிமையைக் கூறியிருந்தது. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அவ்வுரிமை இடம்பெறவில்லை. தரவின் சுருக்கத்தைக் கேட்கவும், திருத்தவும் அழிக்கவும் கோரவும் அது வகைசெய்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ 2018 முதல் அவ்வுரிமை நடைமுறையில் உள்ளது. இங்கும் அதனை மீண்டும் சேர்த்தல் வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். சிறு நிறுவனங்களுக்கு இது சுமை என்பர் சிலர். குறிப்புகளை உரைக்கோப்பாக அளிப்பது அத்துணைப் பெரும் பாரமன்று.

அதுவரை, செயலியொன்றை ஏற்குமுன் அதில் பத்துக் குறிப்புகள், ஒரு படம், ஓர் அட்டவணை ஆகியவற்றை இட்டு, வெளியே எடுத்து, வேறொரு செயலியில் திறந்து பாருங்கள். எழுத்து மட்டும் வந்து, தேதியும் படமும் வாராதொழியுமாயின், அச்செயலி கள வேலைக்கு உதவாது.