டயரைக் கழற்றத் தெரிய வேண்டும்

திருவனந்தபுரத்தில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம். ஜூனில் இடவப்பாதி, அக்டோபரில் துலாவர்ஷம். ஊரோ மேடும் இறக்கமுமானது. ஈரச் சரிவில் பிரேக்கைப் பிடிக்கும்போது வண்டியையும் நம்மையும் தாங்குவது, முன்னும் பின்னும் சாலையைத் தொடும் உள்ளங்கை அளவு ரப்பர்தான். ஆனால் எண்ணெய் மாற்றும் தேதியை நினைவில் வைத்திருப்பவர்கள்கூட டயரைக் குனிந்து பார்ப்பதில்லை. அது பஞ்சர் கடைக்காரரின் கவலை என்று விட்டுவிடுகிறோம்.

என் வீட்டின் பக்கவாட்டில் சிமெண்ட் தரையில் போல்ட் போட்டு இறுக்கிய ஓர் இரும்பு ஸ்டாண்டு இருக்கிறது. கையால் டயர் கழற்றுவதற்கானது. நடுவில் ஒரு தண்டு, சக்கரத்தை அசையாமல் பிடிக்க மூன்று கொக்கிகள், ரிம்மோடு ஒட்டிக்கிடக்கும் டயரை அமுக்கிப் பிரிக்க ஒரு நெம்புகோல், சுற்றிவர ஒரு நீண்ட கம்பி. மின்சாரம் வேண்டாம். அதோடு சோப்புத் தண்ணீரும் இரண்டு டயர் லீவரும் இருந்தால் போதும். வேலை எளிதாக வேண்டும் என்று கிரீஸையோ எஞ்சின் ஆயிலையோ தடவக் கூடாது. அவை ரப்பரைக் கெடுக்கும்.

இதைப் பயன்படுத்த மல்யுத்த வீரனாக இருக்க வேண்டியதில்லை. டயரின் உள்விளிம்புக்குள் எஃகுக் கம்பி வளையம் ஓடுகிறது. மெக்கானிக்குகள் அந்த விளிம்பை பீடிங் என்பார்கள். அந்தக் கம்பி நீளாது. நீண்டால் ஓடும் வண்டியில் டயர் ரிம்மை விட்டு வெளியே வந்துவிடும். அப்படியானால் நீளாத வளையம், தன்னைவிடப் பெரிய ரிம் விளிம்பைத் தாண்டுவது எப்படி? ரிம்மின் நடுவில் சுற்றிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒரு பக்கத்து பீடிங்கை அந்தப் பள்ளத்தில் இறக்கினால் எதிர்ப்பக்கத்தில் தளர்வு கிடைக்கும். அங்கே லீவரைக் கொடுத்தால் டயர் விளிம்பைத் தாண்டி வரும். பள்ளத்தை மறந்து பலத்தைக் காட்டினால் பீடிங் கிழியும், டியூப் கிள்ளப்படும், அலாய் ரிம் கீறும்.

எங்கள் தெருமுனை பஞ்சர் கடைக்காரர் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். ஸ்டாண்டை வாங்கியதும் அவரைத்தான் அழைத்துக் காட்டினேன். சுற்றிப் பார்த்துவிட்டு, "சாரே, ஸ்டாண்டு கொள்ளாம். ஆனா கை பலத்த நம்பாதீங்க. எதிர்ப்பக்கத்த முட்டியால அமுக்கி பீடிங்க பள்ளத்துல இறக்குங்க. இறங்கிச்சுன்னா சின்னப் பிள்ளயும் மாட்டும்" என்றார். டயர் வேலையின் இயந்திரவியல் முழுவதும் அதில் அடங்கிவிட்டது.

இந்தப் பள்ளத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், 1888இல் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். அந்த டயர் ரிம்மோடு ஒட்டப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு பிரான்சில் மிஷெலின் சகோதரர்களின் தொழிற்சாலைக்கு அப்படியொரு சைக்கிள் பஞ்சராகி வந்தது. பிரித்து ஒட்டுவதற்கே மணிக்கணக்காயிற்று, பசை காய ஓர் இரவு பிடித்தது. அந்த அவதியைப் பார்த்து, 1891இல் அவர்கள் கழற்றி மாட்டக்கூடிய டயரைக் கொண்டுவந்தார்கள். அதைப் பூட்டிய சைக்கிளே அந்த ஆண்டு பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தில் முதலில் வந்தது. இதற்கிடையே 1890இல் இங்கிலாந்தில் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச், கம்பி வைத்த பீடிங்குக்கும் நடுவில் பள்ளமுள்ள ரிம்முக்கும் காப்புரிமை பெற்றார். இன்று நம் பைக்குகளில் இருப்பது அந்த முறைதான். வழியில் நின்றுபோனவர் தானே கழற்றிச் சரிசெய்துகொண்டு போக முடிய வேண்டும் என்ற தேவையில்தான் டயர் இப்படி வளர்ந்தது.

நமக்கு அந்நியமான பொருளும் அல்ல அது. கேரள மலைச்சரிவுகளிலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ரப்பர் பால் வடிகிறது. கேரளத்துக்காரரான கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946இல் சென்னைக்கு அருகே திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கி, 1961இல் டயர் தயாரிப்புக்கு வந்தார். அதுதான் எம்ஆர்எஃப். மரமும் தொழிற்சாலையும் நம்முடையவை. டயரைப் பற்றிய அறிவை மட்டும் ஏன் கடை வாசலில் விட்டுவர வேண்டும்?

வீட்டில் கழற்றினால் கடையில் பார்க்க வாய்க்காததெல்லாம் கண்ணில் படும். கடற்காற்றும் மழையும் சேர்ந்து ரிம்மின் உள்ளே ஸ்போக்ஸ் முனைகளில் ஏற்றியிருக்கும் துரு, டியூப்பை இன்னும் எட்டாத முள், பக்கச்சுவரில் ஓடும் மெல்லிய வெடிப்பு. டயரின் வயதையும் படிக்கலாம். பக்கத்தில் 2321 என்று அச்சிட்டிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. மேற்பரப்பு வரிகள் (பட்டன்) 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த டயரோடு இருசக்கர வண்டி ஓட்டக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. மொட்டை டயர் ஈரச் சாலையில் தண்ணீரை ஒதுக்காது. அப்போது எவ்வளவு நல்ல பிரேக்கும் உதவாது.

கேரளத்தில் இன்னொரு காரணமும் உண்டு. ஹர்த்தால். ஏழு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் அதற்கு அழைப்பு விடுக்கக் கூடாது என்று 2019 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. முன்னறிவிப்பு இருந்தாலும், ஹர்த்தால் அன்று கடைகள் பூட்டியிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவருக்குக் காற்றிறங்கிய சக்கரம் சின்ன விஷயமல்ல.

எல்லை தெரிந்து செய்ய வேண்டும். டயரில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். டியூப்பில் கொஞ்சம் காற்றேற்றிவிட்டு மாட்டினால் மடங்காது, கிள்ளாது. ஆக்சில் நட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். செயின் தொய்வைச் சரிபார்க்க வேண்டும். டிஸ்க் பிரேக் என்றால் லீவரைச் சில முறை அழுத்தி, இறுக்கம் வந்த பிறகே தெருவில் இறங்க வேண்டும். டியூப்லெஸ் டயரை உட்காரவைக்கக் கால் பம்ப் பெரும்பாலும் போதாது. அதற்குக் கம்ப்ரஸர் உள்ள கடைக்கே போங்கள்.

இந்த ஸ்டாண்டு வீட்டுக்கு ஒன்று தேவையில்லை, தெருவுக்கு ஒன்று போதும். இந்த நகரத்தில் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் இல்லாத பகுதி அரிது. பகிர்ந்துகொள்ளும் பழக்கமும் இங்கே புதிதல்ல. பி.என். பணிக்கர் 1945இல் திருவிதாங்கூரின் நூலகங்களை ஒரு சங்கமாகச் சேர்த்தார். அந்த மரபில் வந்த சிறு நூலகங்கள் இன்றும் நம் தெருக்களில் இருக்கின்றன. புத்தகத்தைப் பகிர்ந்து படிக்கக் கற்றுக்கொண்ட ஊர் கருவியையும் பகிர்ந்துகொள்ளலாம். அசோசியேஷனின் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் பெண்களையும் சேர்த்து வகுப்பு நடத்துங்கள். உங்கள் தெருவின் பஞ்சர் கடைக்காரரையே ஆசிரியராக அழையுங்கள். அவருக்கு அன்றைய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.