பின் நம்பர் பேரனிடம் இருக்கிறது

புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் முல்லையும் மல்லிகையும் பறிக்கும் பெண்கள் பொழுது விடிவதற்கு முன்பே தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். வீட்டில் விட்டுவர ஆளில்லாத பிள்ளை வரப்பில் உட்கார்ந்திருக்கும். கையில் போன் இருக்கும். நான் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆசிரியை. அந்தத் தாய்மார்களில் பலர் என்னிடம் அ, ஆ எழுதிப் பழகியவர்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. பறித்த பூவுக்குத்தான் கூலி. பிள்ளை ஓரிடத்தில் இருந்தால்தான் கை ஓடும்.

ஆனால் அந்தப் போனில் என்ன ஓடுகிறது என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பையனுக்கு நாலு வயது. இன்னும் எழுத்து தெரியாது. யூடியூபில் மைக் படத்தை அழுத்தி, ‘யானப் பாட்டு’ என்கிறான்; வந்துவிடுகிறது. அது முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறது, பிறகு அதற்கடுத்தது. கொஞ்ச நேரத்தில் யானையைக் காணோம். பொம்மைகள் ஒன்றையொன்று மண்டையில் அடித்துக்கொள்கின்றன. நடுவில் உடனடிக் கடன் தருவதாக ஒரு விளம்பரம். போனில் இருப்பது அவன் அப்பாவின் ஜிமெயில் கணக்கு. கூகுளைப் பொறுத்தவரை இதையெல்லாம் பார்ப்பது ஒரு வளர்ந்த ஆண்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லாரையும் குழந்தை என்கிறது. அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம். திரைக்கு முன்னால் இருப்பது குழந்தை என்றே தெரியாத நிறுவனத்தை அந்தச் சட்டம் எப்படிக் கட்டுப்படுத்தும்?

நம் மாவட்டத்து வழக்குகள் போகும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் 2018-ல் ஒரு பொதுநல வழக்கு தொடரப்பட்டது. ஆபாசப் படங்கள் சிறுவர் கைக்கு எளிதில் எட்டுகின்றன, இணையச் சேவை நிறுவனங்கள் பெற்றோர் கட்டுப்பாட்டு வசதியைத் தர வேண்டும் என்பது மனுதாரரின் கோரிக்கை. 2025 டிசம்பரில் நீதிபதிகள் ஜி. ஜெயச்சந்திரன், கே.கே. ராமகிருஷ்ணன் அமர்வு, ஆஸ்திரேலியாவைப் போலச் சட்டம் கொண்டுவர மத்திய அரசு ஆராயலாம் என்றது. அதுவரை விழிப்புணர்வுப் பணியை முடுக்கிவிட வேண்டும் என்றும் சொன்னது. செய்திகளில் ஆஸ்திரேலியாதான் பெரிதாக வந்தது. எனக்கு அந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயது ஆகாதவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாது. வரப்பில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைக்குக் கணக்கே கிடையாது. அப்பா கணக்கில் அல்லவா பார்க்கிறான்!

பிள்ளைக்கென்று தனியாக ஒரு போனோ டேப்லெட்டோ இருந்தால் வழி சுலபம். கூகுளில் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பெற்றோரின் கணக்கோடு இணைத்துத்தான் கணக்கு தொடங்க முடியும். ‘ஃபேமிலி லிங்க்’ செயலி வழியாக எந்தச் செயலி வேண்டும், எத்தனை மணி நேரம், இரவு எப்போது பூட்ட வேண்டும் என்பதையெல்லாம் அம்மாவே தீர்மானிக்கலாம். ஆனால் செல்போன் கடையில் அவசரத்துக்குப் பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டுக் கணக்கு திறந்து கொடுத்துவிடுகிறார்கள். பொய் வருஷம் போட்ட அந்த நிமிஷமே அந்தப் பாதுகாப்பெல்லாம் போயிற்று. உண்மையான பிறந்த தேதியைத்தான் போடச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு ஒரே போன்தான் என்றால்? இங்கே பெரும்பாலான வீடுகளில் அதுதான் நிலைமை. யூடியூப் கிட்ஸ் செயலியை ஏற்றி, நாம் தேர்ந்தெடுத்த படங்கள் மட்டும் வரும்படி வைக்கலாம்; அப்போது பிள்ளை எதையும் தேடவும் முடியாது. பிறகு செட்டிங்ஸில் ‘ஆப் பின்னிங்’ அல்லது ‘ஸ்கிரீன் பின்னிங்’ என்று இருப்பதைத் திறந்து, வெளியே வரும்போது பின் நம்பர் கேட்கும்படி செய்துவிட்டால், அந்தச் செயலியை விட்டுப் பிள்ளை வேறெங்கும் போக முடியாது. காசு செலவில்லை.

ஆனால் அந்தப் பின் நம்பர் யாருக்குத் தெரியும்? பேரனுக்குத்தான். “தம்பி, அப்பாவுக்கு ஒரு போனப் போட்டுக் குடு சாமி” என்று அப்பத்தா நீட்டும்போது திறந்து கொடுப்பவன் அவன். கேஸ் சிலிண்டருக்கு வந்த ஓடிபியைப் படித்துச் சொல்பவனும் அவனே. சாவி பிள்ளை கையில் இருக்கிற வரைக்கும் எந்தப் பூட்டும் பூட்டாகாது. பெரியவர்களுக்குப் போனைத் தாமே திறக்கவும் மூடவும் வந்தால்தான் மற்றதெல்லாம்.

அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிற வீடுகள் நம் மாவட்டத்தில் ஏராளம். அவர் அங்கிருந்து பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட முடியாது. கூகுளின் விதிப்படி ஒரு குடும்பக் குழுவில் இருப்பவர்கள் ஒரே நாட்டில் வசிக்க வேண்டும். ஆகவே கணக்கு அம்மா பெயரில் இருக்க வேண்டும், அதைக் கையாள அவருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

அம்மாக்களுக்கு இதெல்லாம் எங்கே வரும் என்பவர்களுக்குப் புதுக்கோட்டையின் பதில் பழையது. 1991-ல் அறிவொளி இயக்கம் இங்கே தொடங்கியபோதும் இதையேதான் சொன்னார்கள். ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பிக்க வைத்தார். கல் குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் சைக்கிள் ஏறினார்கள். கேலி செய்தவர்கள் இருந்தார்கள். பெண்கள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இயக்கத்தில் கற்பித்த தொண்டர்களில் நானும் ஒருத்தி. சாயங்காலம் வேலை முடிந்து வந்த பெண்கள், அவர்கள் தெருவிலேயே, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததால்தான் கற்றார்கள். துண்டறிக்கை கொடுத்து யாரும் சைக்கிள் பழகவில்லை.

போன் விஷயத்திலும் அதே முறைதான் பலிக்கும். மாவட்டத்தின் 13 ஒன்றியங்களிலும் மகளிர் சுய உதவிக் குழு கூடுகிறது, பள்ளி மேலாண்மைக் குழு கூடுகிறது, அங்கன்வாடிக்குத் தாய்மார்கள் வருகிறார்கள். அவரவர் போனை அவரவர் கையில் வைத்துக்கொண்டு, பின் நம்பரை மாற்றுவதில் தொடங்கிச் சொல்லித்தர வேண்டும். மாவட்ட ஆட்சியர் இதற்கு ஒரு உத்தரவு போட்டால் போதும். சொல்லித்தர ஆள் தேடி அலைய வேண்டாம். அன்றைய அறிவொளித் தொண்டர்களைக் கூப்பிடுங்கள், வருகிறோம்.