புளி போட்டுத் தேய்க்காதீர்கள்!

குத்தாலத்தில் தெரிந்தவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். இலையை எடுத்ததும் அந்த வீட்டுப் பாட்டி அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு செப்புக் காசை எடுத்து நீட்டினார்.

"கொல்லையிலே பாத்தி வெட்டறப்போ கிடைச்சுது, தம்பி. பச்சை பிடிச்சுக் கிடந்தது. புளி போட்டு நல்லாத் தேய்ச்சிருக்கேன், பாருங்க!"

பளபளவென்றுதான் இருந்தது. ஒரு பக்கம் நிற்கும் மனிதன், மறு பக்கம் உட்கார்ந்த மனிதன். அவன் கையருகே நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்றிருக்க வேண்டும். (தமிழரசன் காசில் ஏன் நாகரி என்று என்னைக் கேட்காதீர்கள்!) ஆயிரம் வருஷம் மண்ணுக்கு ஈடு கொடுத்த எழுத்து புளிக்குத் தோற்றுவிட்டது.

"சாமி உருவம் ஒண்ணும் இல்லையே?" என்றார் பாட்டி.

நியாயமான கேள்வி, சகோதரிகளே. ஆல்ப்ஸ் மலைப் பக்கம் அப்படியும் நடந்திருக்கிறது. இன்று ஆஸ்திரியாவிலுள்ள சால்ஸ்பர்க்கின் ஆர்ச்பிஷப்புகள் பூஜையோடு நிற்காமல் நாட்டையும் ஆண்டார்கள். 12-ஆம் நூற்றாண்டில் பிரீசாக் என்ற ஊரில் வெள்ளிக் காசு அடிக்கத் தொடங்கினார்கள். பக்கத்திலேயே வெள்ளிச் சுரங்கம், கேட்பானேன்! பிஷப் உருவம் பொறித்த அந்தக் காசு ஹங்கேரி வரை செலாவணியாயிற்று.

நம் சோழ நாட்டில் காசு அரசனுடையது. குத்தாலத்துக்குப் பக்கத்துக் கோனேரிராஜபுரத்தில் செம்பியன் மாதேவி கற்கோயில் எடுப்பித்தாள். லிங்கத்தைப் பூஜிக்கும் கோலத்தில் கணவர் கண்டராதித்தரைச் சிற்பமாக வைத்தாள். மகன் உத்தம சோழனின் காசிலோ புலி, மீன், அவன் பெயர். அம்மாவுக்குக் காசில் இடமில்லை!

ஆனால் காசை வைத்துப் பிழைக்கக் கோயிலுக்கா தெரியாது? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயில் பணத்தை ஊர்ச் சபைகள் வாங்கிக்கொண்டு, காசு ஒன்றுக்கு வருஷம் அரைக்கால் காசு வட்டி கட்டியிருக்கின்றன. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. வட்டியை நெல்லாக அளந்த ஊர்களும் உண்டு.

இதெல்லாம் கல்லிலும் காசிலும் எழுத்து மிஞ்சியதால் தெரிந்தது. ஆகவே பழங்காசு கிடைத்தால் புளியும் வேண்டாம், சாம்பலும் வேண்டாம். அப்படியே காகிதத்தில் மடித்து, எங்கே கிடைத்தது என்று எழுதி வையுங்கள். உருக்கத் தட்டாரிடம் கொடுத்துவிடாதீர்கள். மண்ணில் கிடைத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பாட்டி மெதுவாக உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு டப்பா. அதற்குள் பச்சைப் பசேலென்று இன்னும் நாலு காசு.

"நாளைக்குத் தேய்க்கலாம்னு இருந்தேன்" என்றார்.