கழுவுக, உலர்த்துக

மாணவர்களே, மும்பை போன்ற கடற்கரை நகரங்களில் ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை மழைக்காலம். அந்த நான்கு மாதங்களிலும் சுவர்மூலைகளில் கரும்புள்ளிகள் தோன்றும். தோல் செருப்பின்மீது வெண்பொடி படரும். பெட்டியில் மடித்து வைத்த சேலையிலும் ஈரவாடை வீசும். இதனையே பூசணம் பிடித்தல் என்கிறோம். பூசணத்தைக் கண்டதும், மூக்கைத் துளைக்கும் நெடியுடைய மருந்துக் குப்பியைப் பலர் வாங்கி வருகின்றனர். நெடி மிகுந்தால் தூய்மையும் மிகும் என்பது அவர்களது நம்பிக்கை. அந்நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. தாவர எண்ணெயில் செய்த எளிய சோப்பும் நல்ல காற்றோட்டமும் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும் என்பதே என் கருத்து.

சோப்பு எவ்வாறு அழுக்கை நீக்குகிறது? தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், புங்கெண்ணெய் போன்றவற்றுடன் காரம் வினைபுரியும்போது சோப்பு உண்டாகிறது. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை எண்ணெய்ப் பசையை நாடும். எனவே அது பிசுக்கைப் பற்றி இழுத்து நீரோடு சேர்த்துவிடுகிறது. அடுப்படி மேடை, தரை, குளியலறை ஓடு, கதவு ஆகிய அனைத்திற்கும் இந்த ஒன்றே உதவும்.

பூசணமோ ஓர் உயிர். அதன் நுண்ணிய வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. ஈரம் கிடைத்த இடத்தில் அவை வேர்போன்ற இழைகளை விட்டுப் பரவுகின்றன. வெளுப்பு மருந்து கருநிறத்தைப் போக்கலாம். ஆயினும், சுவர்ப்பூச்சின் உள்ளே இறங்கிய இழைகள் எஞ்சியிருக்கக்கூடும். மேலும், இறந்த பூசணத்தின் துகள்களும் ஒவ்வாமையையும் தும்மலையும் உண்டாக்க வல்லவை. ஆகவே பூசணத்தைக் கொல்வதைக் காட்டிலும், அதனை அவ்விடத்திலிருந்து கழுவி அகற்றுவதே முதன்மையானது. அப்பணியைச் சோப்பு நன்கு செய்கிறது.

செய்முறை எளிது. ஒரு கைப்பிடி சோப்புச் சீவலை அரை வாளி வெந்நீரில் கரைத்து ஆறவிடுக. சாளரத்தைத் திறந்து வைத்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்க. பூசணத்தை உலர்ந்த நிலையில் தேய்த்தால் வித்துகள் அறையெங்கும் பறக்கும். ஆதலால் முதலில் நனைத்து, பின்னர்த் தேய்த்திடுக. தூய நீரால் துடைத்து, மின்விசிறியை ஓடவிட்டு முற்றிலும் உலர்த்துக. சோப்புக் கரைசலில் வினிகரைக் கலத்தல் கூடாது. அமிலம் சோப்பைச் சிதைத்துவிடும்.

சோப்புக்கும் எல்லை உண்டு. மேற்கூரை ஒழுகினாலோ, குழாய் கசிந்தாலோ, எத்தனை முறை கழுவினாலும் பூசணம் மீண்டும் வரும். கசிவை அடைப்பதே அங்கு மருந்து. உப்பு மிகுந்த கடினநீரில் சோப்பு நுரைக்காமல் வெண்படிவமாகத் திரியும். அந்நீரில் அதன் பயனும் குறையும். இயற்கைப் பொருள் என்பதனால் அது கண்ணில் பட்டால் எரியாது என்று எண்ணவும் வேண்டா.

“நோயாளி உள்ள வீட்டில் கிருமிகளைக் கொல்ல வேண்டாவா?” என்று சிலர் வினவலாம். வேண்டும், மருத்துவர் கூறினால் கிருமிநாசினியைப் பயன்படுத்தலாம். ஆனால் அதனை அன்றாடப் பழக்கம் ஆக்குவதில் இடர் உள்ளது. பிளீச்சிங் பவுடரையும் அமிலம் கலந்த கழிவறைத் திரவத்தையும் ஒன்றாக ஊற்றினால் குளோரின் என்னும் நச்சு வாயு வெளிப்படும். காற்றோட்டமற்ற சிறிய குளியலறையில் அஃது உயிருக்கே கேடாகும்.

வீட்டைவிட்டு வெளியேறும் நீரையும் நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும். தில்லியின் காளிந்தி குஞ்ச் பகுதியில் யமுனையாற்றின்மீது வெண்ணுரை மலைபோல் மிதப்பதைத் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். சுத்திகரிக்கப்படாத கழிவுநீரும், அதனோடு வரும் சலவைப் பொருள்களும் அந்நுரைக்குக் காரணங்களாகும். தாவர எண்ணெய்ச் சோப்பை நுண்ணுயிர்கள் எளிதில் சிதைத்துவிடுகின்றன. நுரையின் அளவு தூய்மையின் அளவு அன்று. தேவையான அளவே பயன்படுத்துதல் எச்சோப்புக்கும் பொருந்தும்.

மழைக்காலத்தில் ஓரறை வீட்டிற்குள்ளேயே துணி உலர்த்தும் குடும்பங்கள் பல. அவ்வீரம் சுவரையே சென்று சேர்கிறது. சாளரத்தைத் திறந்து வைத்தல், அலமாரியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைத்தல், குளித்தபின் தரைநீரை வழித்துத் தள்ளுதல் ஆகியவை உங்களாலும் இயலும் பணிகள். வீட்டைத் தூய்மையாக வைத்திருப்பது அன்னையின் கடமை மட்டுமன்று. அங்கு வாழும் அனைவரின் கடமை. இன்று உங்கள் வீட்டில் ஈரம் தங்கும் இடங்கள் எவை எனக் கண்டறிந்து, அவற்றை உலர்த்தும் வழியைப் பெற்றோருடன் கலந்து பேசுங்கள்.